திரும்பி வந்த புத்தகங்களின் வண்டி

தெற்கே ஒரு பல்கலைக்கழகம். அங்கே பன்னிரண்டாயிரம் பழைய நூல்களைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து ஒரு மின்நூலகம் செய்து வைத்திருந்தார்கள். ஆறு வருஷத்து வேலை. அந்த நூலகத்துக்குக் கதவு கிடையாது, பூட்டு கிடையாது, ஞாயிற்றுக்கிழமை விடுமுறையும் கிடையாது. ஆளும் கிடையாது.

இணையவழிக் கல்விக்கு இயக்குநர் பேராசிரியர் சேரலாதன். கணினித் துறைக்காரர், ஐம்பத்தோரு வயது. ஊர் ஊராக இருந்துகொண்டு அஞ்சல் வழியில் படிக்கிற ஒன்பதாயிரம் பேருக்காக அறுநூற்று நாற்பது பாடங்களைத் திரையில் ஏற்றியவர். ஒவ்வொரு பாடத்தின் அடியிலும் ‘மின்நூலகம்’ என்று ஒரு நீலப் பொத்தான் வைத்திருந்தார். போன மாதம் அந்தப் பொத்தானை மொத்தம் நாற்பத்தொரு தடவை அழுத்தியிருந்தார்கள். அதில் இருபத்தொன்பது தடவை, பொத்தான் வேலை செய்கிறதா என்று சேரலாதனே அழுத்திப் பார்த்தது.

எட்டாம் தேதி துணைவேந்தர் அவரைக் கூப்பிட்டார். துணைவேந்தர் எதையும் எண் போட்டுத்தான் பேசுவார். காபி வேண்டுமா என்று கேட்டாலும் அதில் ஒன்று, இரண்டு இருக்கும்.

“ஒண்ணு, பதினெட்டாம் தேதி குழு கூடுது. ரெண்டு, தேர்வுப் பிரிவு சர்வர் கேட்டு மூணு கடிதம் போட்டாச்சு. மூணு, உங்க நூலகத்து சர்வர் சும்மா ஓடிக்கிட்டிருக்கு.”

“சும்மா ஓடல சார். பன்னெண்டாயிரம் புத்தகம் இருக்கு.”

“புத்தகம் இருக்கு. படிக்க ஆளு?”

சேரலாதன் கார்ப்பெட்டைப் பார்த்தார்.

“நாலு. நூலகத்தைப் பாடத்தோட இணைச்சுக் காட்டுங்க. பத்து நாள் இருக்கு. முடியலேன்னா சர்வரைத் தேர்வுப் பிரிவுக்குக் கொடுத்துருவோம். புத்தகத்தையெல்லாம் ஒரு டிஸ்க்குல போட்டு பீரோவுல வெச்சிரலாம். பத்திரமா இருக்கும்.”

அந்த பீரோவைச் சேரலாதனுக்குத் தெரியும். அதற்குள் பத்திரமாகப் போன எதுவும் வெளியே வந்து யாரும் பார்த்ததில்லை.

நேராக நூலகத்துக்கு நடந்தார்.

நூலகர் அங்கயற்கண்ணி. முப்பத்தொன்பது வயது. பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் சேரலாதனின் வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஒரு கேள்விகூடக் கேட்காமல் இரண்டு வருஷத்தை முடித்துக்கொண்டு போன பெண். பன்னிரண்டாயிரம் நூல்களையும் படமெடுக்க வைத்தவர் அவர்தான். இப்போது கேள்வி சேரலாதனிடம் இருந்தது.

“மேடம், நூலகத்தைப் பாடத்தோட எப்படி இணைக்கிறது?”

அங்கயற்கண்ணி கையிலிருந்த தேதி முத்திரையை மேசைமேல் வைத்தார்.

“நாளைக்குக் காலையில வாங்க சார். அந்த வண்டி பக்கத்துல நாற்காலி கிடக்கு. நாலு மணி வரைக்கும் உக்காருங்க.”

“உக்காந்து?”

“உக்காந்துதான்.”

வாசகர்கள் திருப்பிக் கொடுத்த புத்தகங்களை அலமாரிக்குக் கொண்டுபோகும் வரை போட்டுவைக்கிற இரும்பு வண்டி அது. மூன்று தட்டு, நான்கு சக்கரம். மூன்று சக்கரங்கள் அமைதியானவை. நான்காவது வாயாடி.

மறுநாள் சேரலாதன் மடிக்கணினியோடு வந்து உட்கார்ந்தார். திரையில் ஒரு கட்டம் வரைந்து ‘பாடம்’ என்று எழுதினார். இன்னொரு கட்டம் வரைந்து ‘நூலகம்’ என்று எழுதினார். நடுவில் அம்புக்குறி. பிறகு அம்புக்கு இரண்டு பக்கமும் தலை வைத்தார். அப்புறம் அதைப் புள்ளிக்கோடாக்கினார். திட்டம் வளர்ந்துகொண்டே போனது.

இடைஞ்சல் ஒன்றுதான். நூலகத்துக்குள் நுழைகிற ஒவ்வொருவரும் முதலில் அந்த வண்டிக்குத்தான் வந்தார்கள்.

“சார், தலைய கொஞ்சம்.”

தலையை ஒதுக்கினார்.

“சார், அந்தக் காலு.”

காலை ஒதுக்கினார். பதினோரு மணிக்குள் எட்டு முறை ஒதுங்கியாயிற்று. எரிச்சலோடு வண்டியைப் பார்த்தார். புவியியலுக்குப் பக்கத்தில் சமையல், சமையலுக்கு மேலே சட்டம், சட்டத்துக்கு அடியில் மூன்று நாவல்கள். கணினிக்காரர் கண்ணுக்கு அது வண்டியாகத் தெரியவில்லை, விபத்தாகத் தெரிந்தது.

அங்கயற்கண்ணி ஏதோ கூட்டத்துக்குப் போயிருந்த நேரம். சேரலாதன் சட்டைக் கையை மடித்துவிட்டார். நாற்பத்தேழு புத்தகங்கள். எண் பார்த்து, அலமாரி பார்த்து, ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் சொருகினார். ஒரு மணி நேரத்தில் வண்டி காலி. வியர்வையைத் துடைத்துக்கொண்டு, வேலை முடித்தவரின் நிம்மதியோடு நாற்காலிக்குத் திரும்பினார்.

அங்கயற்கண்ணி வந்தார். வண்டியைப் பார்த்தார்.

“எல்லாம் அலமாரிக்குப் போயிருச்சா சார்?”

“நம்பர் பிரகாரம் வெச்சுட்டேன் மேடம். ஒண்ணுகூட மாறல. நீங்க ஏன் இதைக் காலையிலேயே செய்யறதில்ல?”

“நாலு மணிக்குச் செய்வோம் சார்.”

அவ்வளவுதான். போய்த் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டார்.

அதற்குப் பிறகு யாரும் சேரலாதனின் தலையை ஒதுக்கச் சொல்லவில்லை. வந்தார்கள். காலி வண்டியைப் பார்த்தார்கள். கொஞ்ச நேரம் நின்றார்கள். அலமாரி வரிசைகளை, முன்பின் தெரியாத ஊரில் பஸ்ஸைவிட்டு இறங்கியவர்கள் மாதிரி ஒரு பார்வை பார்த்தார்கள். போய்விட்டார்கள்.

பொருளியல் படிக்கிற ஜெபராணி மட்டும் கேட்டாள்.

“சார், வண்டி எங்க?”

“இதாம்மா வண்டி.”

“இது வண்டி. வண்டியில இருக்கது?”

“எல்லாம் அலமாரியில இருக்கு. உனக்கு எந்தப் புத்தகம் வேணும்? சொல்லு, எடுத்துத் தாரேன்.”

“தெரியாது சார்.”

“தெரியாதா?”

“தெரிஞ்சா நேரா அலமாரிக்குப் போயிருப்பேனே. தெரியாமத்தான வண்டிக்கு வந்தேன்.”

நான்கு மணிக்குச் சேரலாதன் எழுந்து அங்கயற்கண்ணியிடம் போனார். எண்ணுவது அவருக்குப் பழக்கம். எண்ணி வைத்திருந்தார்.

“மத்தியானத்துக்கு மேல பதினேழு பேர் வந்தாங்க. எல்லாப் புத்தகமும் அது இருக்கவேண்டிய இடத்துலதான் இருந்துச்சு. ஆனா பன்னெண்டு பேர் வெறுங்கையோட போயிட்டாங்க.”

“ஆமா சார்,” என்றார் அங்கயற்கண்ணி.

சேரலாதன் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

மறுநாளிலிருந்து மூன்று நாள் அறையைவிட்டு வெளியே வரவில்லை. நீலப் பொத்தானை எல்லாப் பாடங்களிலிருந்தும் எடுத்துப் போட்டார். அந்த இடத்தில் ஒரு சின்ன வண்டியின் படம் வந்தது. ‘இப்போது திரும்பி வந்தவை’ என்று அதற்குப் பெயர் வைத்தார். மின்நூலகத்தில் ஒரு நூலைப் படித்தவர், தான் படித்தது எது, அதில் என்ன இருந்தது என்று ஓரிரு வரி எழுதி வண்டியில் வைத்துவிட்டுப் போகலாம். அந்தப் பாடத்துக்கு அடுத்து வருகிறவர் அதை எடுத்துப் பார்க்கலாம். சக்கரம் கிரீச்சிடுகிற சத்தத்தைக்கூடச் சேர்த்தார். தானே கேட்டுவிட்டு, பிறகு எடுத்துவிட்டார்.

சனிக்கிழமை வண்டி ஓடத் தயாரானது. ஞாயிற்றுக்கிழமை திறந்து பார்த்தார். காலி. திங்கட்கிழமை காலையில் பார்த்தார். அறுநூற்று நாற்பது பாடம், அறுநூற்று நாற்பது வண்டி, எல்லாம் காலி. முன்னால் ஒருவர் வைத்துவிட்டுப் போனால்தானே அடுத்தவர் எடுப்பார்? முன்னால் ஒருவர் படித்தால்தானே வைப்பார்?

வெள்ளிக்கிழமை பதினெட்டாம் தேதி, குழு.

சேரலாதன் அறைக் கதவைத் தாழ் போட்டார். பள்ளி நாடகத்தில் மூன்று வேஷம் கட்டியவர் என்பது அந்தப் பல்கலைக்கழகத்தில் யாருக்கும் தெரியாது. விசைப்பலகையில் விரலை வைத்தார்.

“செம புக்கு. மூணாவது அத்தியாயத்த மட்டும் படிச்சாலே பத்து மார்க் கேரண்டி.” இது முதலாண்டு மாணவன்.

“இந்நூல் ஆய்வுலகிற்குக் கிடைத்த ஓர் அரிய கருவூலம் எனில் மிகையாகாது.” இது முனைவர் பட்ட ஆய்வாளர்.

“பிள்ளையத் தூங்க வெச்சுட்டு பத்துப் பக்கம் படிச்சேன். மீதி நாளைக்கு, அவன் தூங்கினா.” இது வீட்டிலிருந்து படிக்கிற ஓர் அம்மா.

“சார் சொன்னாங்கன்னு படிச்சேன். சார் சொன்னதைவிட நல்லாருக்கு.” இதை எழுதிவிட்டுத் தனியாகச் சிரித்துக்கொண்டார்.

வரலாற்றுப் பாடத்தில் ‘பஞ்சமும் மக்களும்’ என்று ஒரு அலகு. அதற்குப் பொருத்தமாக மின்நூலகத்தில் ‘ஒரு தாசில்தாரின் நாட்குறிப்பு’ என்ற பழைய புத்தகம் இருந்தது. முன்னூற்றுப் பன்னிரண்டு பக்கம். அட்டையை மட்டும் பார்த்தார். பஞ்சம் என்றால் கஞ்சித் தொட்டி இல்லாமலா இருக்கும்?

“கஞ்சித் தொட்டி வருகிற இடத்தைப் படிச்சிட்டு அன்னைக்கு எனக்குச் சோறு இறங்கல.” இது ஒரு மாணவி.

பன்னிரண்டு நிமிஷத்தில் நாற்பது குரல்கள். நாற்பதும் வெவ்வேறு.

செவ்வாய்க்கிழமை ஒரே நாளில் நானூற்று எண்பது பேர் மின்நூலகத்துக்குள் வந்திருந்தார்கள். வரைபடத்தில் கோடு தரையிலிருந்து எழும்பி மேல் விளிம்பை முட்டிக்கொண்டு நின்றது. துணைவேந்தர் போன் செய்தார்.

“ஒண்ணு, சந்தோஷம். ரெண்டு, ரொம்ப சந்தோஷம். மூணு, இந்தக் கோட்டைப் பெருசாப் போட்டு வெள்ளிக்கிழமை காட்டுங்க. சர்வரை யாரும் தொடமாட்டாங்க.”

சேரலாதன் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு நூலகத்துக்கு ஓடினார் என்றே சொல்லலாம்.

அங்கயற்கண்ணி கோட்டைப் பார்த்தார். குறிப்புகளை ஒவ்வொன்றாகப் படித்தார். ‘சார் சொன்னதைவிட நல்லாருக்கு’ வந்ததும் சிரித்துவிட்டார்.

“நல்லா எழுதியிருக்காங்க சார்.”

“ஆமா மேடம்.”

“எல்லாரும் ஒண்ணுபோல படிச்சு முடிச்சிருக்காங்க. திங்கட்கிழமை பத்து மணிக்கும் பத்தேகாலுக்கும் நடுவுல.”

சேரலாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“முதல்ல கொஞ்சம் தள்ளிவிடணும் மேடம். அப்புறம் வண்டி தானா ஓடும்.”

“நாளைக்குக் காலையில வாங்க சார்,” என்றார் அங்கயற்கண்ணி. “வண்டி பக்கத்துல.”

புதன்கிழமை காலையில் இரும்பு வண்டி நிறைந்திருந்தது. நாற்பது புத்தகங்கள். நல்ல புத்தகங்கள். சேரலாதன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

முதலில் இரண்டு பையன்கள் வந்தார்கள். வண்டியைப் பார்த்தார்கள். ஒருவன் ஒரு புத்தகத்தை எடுத்துப் பிரித்தான், மூடினான், வைத்தான். போனார்கள். அடுத்து ஒரு பெண். அவளும் அப்படியே. அப்புறம் ஜெபராணி வந்தாள். நான்கு புத்தகங்களை எடுத்து விரலால் பக்கங்களை விசிறிப் பார்த்தாள். நான்கையும் திரும்ப வைத்தாள்.

“என்ன ஜெபராணி, இன்னைக்குத்தான் வண்டி நிறைய இருக்கே.”

“இது வந்த வண்டி இல்ல சார். யாரோ அடுக்கி வெச்சிருக்காங்க.”

“எப்படிச் சொல்ற?”

“நாப்பது புத்தகத்துல ஒரு பஸ் டிக்கெட்கூட இல்ல. பென்சில் கோடு இல்ல, டீக்கறை இல்ல. ஒருத்தராவது ஒரு பக்கத்த மடிச்சு வெச்சிருக்கணும்ல?”

அவள் போய்விட்டாள். சேரலாதன் ஒரு புத்தகத்தை எடுத்தார். பிரித்தபோது புது முதுகு படக்கென்று சத்தம் போட்டது. இன்னொன்றை எடுத்தார். அதுவும் சத்தம் போட்டது.

அந்த நேரத்தில்தான் அவருடைய போன் அதிர்ந்தது. திரையில் இருந்த வண்டியில் ஒரு குறிப்புக்கு முதல் பதில் வந்திருந்தது. கஞ்சித் தொட்டிக் குறிப்புக்கு.

“அக்கா, வணக்கம். நான் செல்வக்கனி, திசையன்விளைப் பக்கம். எம்.ஏ. வரலாறு ரெண்டாம் வருஷம். பகல்ல ரத்தப் பரிசோதனை நிலையத்துல வேலை. அந்தக் கஞ்சித் தொட்டி எத்தனாவது பக்கம்னு சொல்லுவீங்களா? போன்லதான் படிக்கேன், முன்னூறு பக்கமும் திறக்க நெட் பத்தாது. நாளைக்குச் சாயங்காலம் கட்டுரை அனுப்பணும். நீங்க சோறு இறங்கலன்னு எழுதியிருந்தது மனசுக்குள்ளயே நிக்குது அக்கா. அதான் கேக்கேன்.”

சேரலாதன் அதை இரண்டு முறை படித்தார். எழுந்து அங்கயற்கண்ணியின் மேசைக்குப் போய்ப் போனை நீட்டினார்.

“இப்ப என்ன செய்யறது மேடம்?”

அங்கயற்கண்ணி படித்துவிட்டுக் கேட்டார்:

“எத்தனாவது பக்கம் சார்?”

“அதுதான் தெரியல.”

“அவங்களுக்கும் அதான் தெரியல.”

“குறிப்பை எடுத்துரட்டுமா?”

“எடுக்கலாம். அவங்க காத்துக்கிட்டிருப்பாங்க.”

“நீங்க படிச்சிருப்பீங்களே. பக்கத்தைச் சொல்லுங்களேன்.”

“அந்தக் குறிப்ப நான் எழுதலியே சார்.”

அங்கயற்கண்ணி எழுந்து உள்ளே போனார். பழுப்பு அட்டை போட்ட தடித்த புத்தகம் ஒன்றை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து அவர்முன் வைத்தார்.

“ஆறு வருஷம் முன்னால நாங்க படமெடுத்த முதல் புத்தகம் இது. மெதுவாப் புரட்டுங்க. ஓரமெல்லாம் பொடியும்.”

சேரலாதன் புதன்கிழமை முழுவதும் படித்தார். தாசில்தார் தன் குதிரையைப் பற்றி எழுதியிருந்தார். குதிரைக்குப் புல் கிடைக்காததைப் பற்றி எழுதியிருந்தார். வற்றிய கிணறுகளின் பெயரை எழுதியிருந்தார். மேலே அனுப்பிய மனுக்கள், மேலேயிருந்து வந்த பதில்கள், வராத பதில்கள். நூறாவது பக்கம் வரை கஞ்சித் தொட்டி இல்லை. நூற்றெண்பது வரை இல்லை. நூலகம் மூடுகிற நேரம் ஆனது. மறுநாள் திறக்கும்போது வாசலில் நின்றார்.

வியாழக்கிழமை மத்தியானம். அங்கயற்கண்ணி சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வந்தார்.

“சார், ரெண்டு இட்லி சாப்பிடுங்க. மணி ரெண்டாகுது.”

சேரலாதன் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. முன்னூற்றுப் பன்னிரண்டு பக்கமும் முடிந்திருந்தது. புத்தகத்தைப் பின்னால் புரட்டி இருநூற்றொன்பதாம் பக்கத்தில் ஒரு தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அங்கயற்கண்ணி பாத்திரத்தை மூடி அந்தப் பக்கமாக வைத்தார்.

சேரலாதன் மடிக்கணினியைத் திறந்தார். நாற்பது குறிப்புகளையும் தேர்ந்தெடுத்தார். ‘நிச்சயமாக நீக்கவேண்டுமா?’ என்று கேட்டது கணினி. இன்னும் ஒரு நாள் பொறுத்தால் போதும். வெள்ளிக்கிழமை கோட்டைக் காட்டிவிட்டு, சனிக்கிழமை நீக்கலாம். சர்வர் தப்பிக்கும், பன்னிரண்டாயிரம் புத்தகமும் தப்பிக்கும். கணினி திரும்பக் கேட்கவில்லை, காத்திருந்தது. அதற்கு அவசரம் கிடையாது. திசையன்விளையில் ஒருத்திக்கு இருந்தது.

நீக்கினார். பிறகு எழுதினார்.

“செல்வக்கனி, வணக்கம். நான் அக்கா இல்லை. இந்தப் பாடங்களைத் திரையில் ஏற்றியவன். அந்தக் குறிப்பை எழுதியபோது நான் இந்தப் புத்தகத்தைப் படிக்கவில்லை. இப்போது படித்துவிட்டேன். கஞ்சித் தொட்டியைப் பற்றிய அத்தியாயம் எதுவும் இதில் இல்லை. மன்னிக்கவேண்டும். 209ஆம் பக்கத்தில் இரண்டு வரி இருக்கிறது: ‘இன்று கஞ்சி பாதிப் பேருக்குமேல் வரவில்லை. நான் வீட்டுக்குப் போய் உண்டேன்.’ அதற்குப் பிறகு பதினோரு நாள் தாசில்தார் எதுவும் எழுதவில்லை. சேரலாதன்.”

சாயங்காலம் நான்கு மணிக்குப் பதில் வந்தது.

“பரவாயில்ல சார். அக்கான்னு கூப்பிட்டதுக்கு நீங்கதான் மன்னிக்கணும். சாப்பாட்டு நேரத்துல 209 திறந்து பாத்தேன். அப்படியே புரட்டினேன். 214ல எங்க ஊரு ஆலடிக்குளம் பேரு வருது, பாத்தீங்களா? எங்க ஊருல இருந்து எத்தனை வீடு கிளம்பிப் போச்சுன்னு எழுதியிருக்கு. கட்டுரை அனுப்பிட்டேன். 214ஆம் பக்கத்த வண்டியில வெச்சிருக்கேன்.”

வெள்ளிக்கிழமை காலையில் அந்த ஒரு வண்டியில் ஏழு குறிப்புகள் இருந்தன. ஒன்று சேரலாதனுடையது. ஒன்று செல்வக்கனியுடையது. மீதி ஐந்து பேரை அவருக்குத் தெரியாது. மற்ற அறுநூற்று முப்பத்தொன்பது வண்டிகளும் காலி.

குழு கூடியது. பெரிய திரை. துணைவேந்தர் நாற்காலியை அதன் பக்கமாகத் திருப்பிக்கொண்டார்.

“ஒண்ணு, அந்தக் கோட்டைக் காட்டுங்க.”

“கோடு இல்ல சார்.”

“இல்லையா?”

“அது நான் உண்டாக்கினது. நாப்பது பேரும் நான்தான். எடுத்துட்டேன்.”

யாரோ இருமினார்கள். தேர்வுப் பிரிவு அதிகாரி தன் கோப்பை மெதுவாகத் திறந்தார்.

“இப்ப எத்தனை பேர்?”

“ஏழு.”

துணைவேந்தர் ‘இரண்டு’ என்று ஆரம்பிப்பார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவர் ஆரம்பிக்கவில்லை. கையை நீட்டி மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, திரைக்கு அருகே குனிந்தார். ஏழையும் படித்தார். அங்கிருந்து 209ஆம் பக்கத்துக்குப் போனார். அப்புறம் 214. டீ வந்தது. டீ ஆறியது. தேர்வுப் பிரிவு அதிகாரி கோப்பிலிருந்த மூன்று கடிதங்களையும் வரிசைப்படுத்தி, வரிசையை மாற்றி, மறுபடி வரிசைப்படுத்தினார்.

“சேரலாதன்,” என்றார் துணைவேந்தர், தலை நிமிராமல்.

“சார்.”

“215க்கு எப்படிப் போறது?”

சேரலாதன் குனிந்து காட்டினார்.

சர்வர் விஷயத்தை அடுத்த பருவத்துக்குத் தள்ளிவைத்தார்கள். ஒரு பருவம்தான். அதற்குள் மற்ற பாடங்களிலும் இதைக் காட்டவேண்டும், காட்டாவிட்டால் பீரோதான். துணைவேந்தர் அதைச் சொன்னபோது எண் போட மறந்துவிட்டார்.

சேரலாதன் நூலகத்துக்கு வந்தபோது மணி நான்கு. அங்கயற்கண்ணி இரும்பு வண்டியைத் தள்ளிக்கொண்டு அலமாரிகளின் பக்கம் போய்க்கொண்டிருந்தார். நான்காவது சக்கரம் கூட்டத்தில் நடந்ததையெல்லாம் முன்கூட்டியே தெரிந்துவைத்துக்கொண்டது போல ஓயாமல் பேசிக்கொண்டிருந்தது.

“ஒரு பருவம் கிடைச்சிருக்கு மேடம்.”

“நல்லது சார்.”

“அறுநூத்து முப்பத்தொம்பது வண்டி காலியா நிக்குது. எங்கேருந்து ஆரம்பிக்கன்னு தெரியல. பாடம் எழுதின ஆசிரியர்கள் முப்பத்தெட்டு பேர் இருக்காங்க. எல்லாருக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பிரட்டுமா? ஆளுக்கு ஒரு நூலைப் படிச்சு, வாரத்துக்கு ஒரு குறிப்பு கட்டாயம்னு. ஒரு படிவம்கூடத் தயார் பண்ணிட்டேன். நீங்க ஒரு தடவை பாத்துச் சொன்னா இன்னைக்கே அனுப்பிருவேன்.”

அங்கயற்கண்ணி நின்றார். சக்கரமும் நின்றது. வண்டியைச் சேரலாதன் பக்கமாகக் கொஞ்சம் திருப்பினார். அன்றைக்குத் திரும்பி வந்த புத்தகங்களுக்கு நடுவே, மேல் தட்டில், ஒரு புத்தகம் வைக்கிற அளவுக்கு இடம் இருந்தது.

“நீங்க இதுல என்ன வெச்சுட்டுப் போறீங்க சார்?”

சேரலாதன் பையைத் திறந்தார். மடிக்கணினியும் குடையும் இருந்தன. பையை மூடினார்.

வண்டியின் மேல் தட்டிலிருந்து, நடுவில் ஒரு பஸ் டிக்கெட் எட்டிப்பார்த்துக்கொண்டிருந்த ஒரு புத்தகத்தை உருவி எடுத்தார். போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.